துப்பாக்கி வாங்கும் முன் கண்ணைச் சோதியுங்கள்

கேள்வி: எனக்கு 41 வயது, வலக்கைப் பழக்கம் உள்ளவன். நண்பர் ஒருவர் அண்மையில், எந்திரம் வீசும் தட்டுகளைப் பறக்கையிலேயே சுடும் டிராப் விளையாட்டின் சுடுதளத்துக்கு அழைத்துச் சென்று, தம்முடைய துப்பாக்கியைக் கொடுத்துச் சுடச் சொன்னார். குழல்முனையில் உள்ள குறிமணியைத் தட்டின் மீது கவனமாகப் பொருத்தித்தான் சுட்டேன். ஆனாலும் 25 தட்டுகளில் 4 மட்டுமே உடைந்தன. அவை நான்கும் இடப்பக்கம் பறந்தவை. மறுநாள் கன்னமும் மேற்கையும் கன்றிப் போயிருந்தன. இருந்தும் இந்த விளையாட்டு மனத்தைப் பிடித்துக்கொண்டது. இலேசான பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது, அதை வாங்கலாமா? எந்தத் தோட்டா நல்லது? பறக்கும் தட்டுக்கு எவ்வளவு முன்னால் சுட வேண்டும்? இந்த வயதில் தொடங்குவது காலம் கடந்த செயலா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளைக் காட்டிலும், போகிற போக்கில் எழுதியிருக்கும் மூன்று செய்திகள்தான் பயிற்றுநரான எனக்கு அதிகம் சொல்கின்றன. உடைந்த தட்டுகள் யாவும் இடப்பக்கம் பறந்தவை. கன்னமும் மேற்கையும் கன்றிப் போயின. குறிமணியைப் பார்த்துச் சுட்டீர்கள். இந்த மூன்றுக்கும் காரணம் தெரியும்வரை எந்தத் துப்பாக்கியையும் விலை பேசாதீர்கள் என்பதே என் முதல் அறிவுரை. விலை குறைவு என்பதற்காக உடம்புக்குப் பொருந்தாத ஒன்றை வாங்கி, அதற்கேற்பக் கழுத்தை வளைத்துப் பழகியவர்களைத் திருத்துவதற்குத்தான், ஒன்றுமே அறியாமல் வருபவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதைவிட நான் அதிக நாள் செலவிட்டிருக்கிறேன்.

கண்ணிலிருந்து தொடங்குவோம். எழுதுவதற்கு ஒரு கை முந்துவதுபோல, பார்வையிலும் ஒரு கண் முந்தும். அது எந்தக் கண் என்பதைச் சோதிக்க, இரு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்துக் கட்டைவிரல்களுக்கு மேலே ஒரு சிறு இடைவெளி விட்டு, அதன் வழியாகத் தொலைவில் உள்ள ஒரு பொருளை இரு கண்களையும் திறந்தபடி பாருங்கள். பிறகு இடக்கண்ணை மட்டும் மூடுங்கள். பொருள் அப்படியே இருந்தால் முந்தும் கண் வலக்கண். பொருள் மறைந்துவிட்டால் இடக்கண். சோதனையைப் பத்து முறை செய்யுங்கள், காலையிலும் மாலையிலும் செய்யுங்கள். சிலருக்குக் களைப்பு ஏறும்போது ஆதிக்கம் ஒரு கண்ணிலிருந்து மற்றொன்றுக்கு நழுவுவது உண்டு.

இதில் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறேன் என்றால், தட்டைச் சுடும் துப்பாக்கியில் ரைஃபிளில் இருப்பதுபோல் பின்குறி கிடையாது. சுடுபவரின் கண்தான் பின்குறி. துப்பாக்கி வலத் தோளில் இருக்க, குறிமணியைத் தட்டோடு சேர்த்துப் பார்க்கும் வேலையை இடக்கண் எடுத்துக்கொண்டால், குழல் தட்டுக்கு இடப்பக்கம் நோக்கிவிடும். இரு கண்களுக்கும் இடையே 6 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவுதான் இருக்கிறது. ஆனால் கண்ணிலிருந்து குழல்முனை ஏறக்குறைய 1 மீட்டர் என்பதால், 30 மீட்டர் தள்ளிப் பறக்கும் தட்டில் அந்தப் பிழை ஒன்றரை மீட்டரையும் தாண்டும். இடக்கண் முழுமையாக ஆளாமல் இடையிடையே குறுக்கிடும் ஒருவருக்கு, இடப்பக்கம் பறக்கும் தட்டுகளில் சில தற்செயலாக உடையும். வலப்பக்கம் பறப்பவை உடையவே மாட்டா. உங்கள் கணக்கு இதை ஒத்திருக்கிறது. இடக்கண்தான் முந்துகிறது என்று தெரிந்தால், இப்போதே இடத் தோளிலிருந்து சுடப் பழகுங்கள். பழைய பழக்கம் எதுவும் இல்லாத உங்களுக்கு அது ஒரு மாதச் சிரமம். பத்து ஆண்டு வலத் தோளில் சுட்டவருக்கு அது பெரும்பாடு. தோளை மாற்ற மனம் ஒப்பாவிட்டால், கண்ணாடியின் இடவில்லையில் குறிமணி தெரியும் இடத்தை மட்டும் மறைக்குமாறு மங்கலான ஒட்டுநாடாவில் ஒரு சிறு வட்டம் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு கண்ணை மூடிச் சுடுவதையும் சிலர் கைக்கொள்கிறார்கள். தட்டு, வீசும் எந்திரம் உள்ள கூண்டிலிருந்து வெளிப்படும் கணத்தில் இரு கண்களின் விரிந்த பார்வை தரும் உதவியை அது இழக்கச் செய்கிறது என்பதால், நான் அதைக் கடைசி வழியாகவே சொல்வேன்.

வலக்கண்ணே முந்துகிறது என்றால், காரணம் கால்களில் இருக்கலாம். வலத் தோளிலிருந்து சுடுபவருக்கு வலப்பக்கம் திரும்புவது இயல்பிலேயே கடினம். இடுப்பு சுழல்வது நின்றவுடன் கைகள் மட்டும் துப்பாக்கியைத் தள்ளும், துப்பாக்கி கன்னத்தை விட்டு விலகும், குழலும் நின்றுவிடும். தீர்வு எளியது. தட்டு எந்தக் கோடிக்குப் பறந்தால் அதை எட்டுவது உங்களுக்கு மிகக் கடினமோ அந்தப் பக்கமாகக் கால்களைச் சற்றுத் திருப்பி நில்லுங்கள்; அப்போது உடல் முறுக்கிக்கொள்வது அங்கேயல்ல, எளிய பக்கத்தில் நிகழும். பாதங்களுக்கு இடையே தோள் அகலத்துக்கு மேல் வேண்டாம். உடல் எடையில் பாதிக்குச் சற்று அதிகமாக முன்காலில் இருக்கட்டும். மூக்கு முன்கால் விரல்களுக்கு நேர் மேலே வரும் அளவு சாய்ந்தால் போதும்.

அடுத்து, கன்றிப்போன இடங்கள். மேற்கையில் கன்றியது என்றால் துப்பாக்கியின் கட்டை, அதாவது தோளில் பதியும் பின்பகுதி, தோளின் குழியில் அமராமல் கைமேல் அமர்ந்திருக்கிறது. கட்டை உங்களுக்கு நீளமாக இருந்தால் இப்படித்தான் ஆகும்; அது அக்குளில் சிக்காமல் இருக்க நாமே அறியாமல் வெளிப்பக்கமாகத் தள்ளி வைத்துக்கொள்வோம். கன்னத்தில் கன்றியது என்றால், கன்னம் கட்டையில் அழுந்தியிருக்கவில்லை. விசையை இழுக்கும் கணத்தில் இடைவெளி விழுந்து, கட்டை எழும்பி அறைந்திருக்கிறது. இந்த விளையாட்டைத் தொடங்கிய புதிதில் நானும் பிறர் கொடுத்த நீளமான துப்பாக்கியோடு ஓராண்டைக் கழித்தேன். உதை தாங்குவதுதான் பயிற்சி என்று நம்பினேன். கட்டையில் ஒன்றரை சென்டிமீட்டர் அறுத்தெடுத்த பிறகுதான், வலி என்பது பொருத்தமின்மையின் அறிவிப்பு என்று புரிந்தது.

பொருத்தத்தை இப்படிப் பாருங்கள். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை உறுதி செய்த பிறகு, கண்களை மூடிக்கொண்டு அதைக் கன்னத்துக்கும் தோளுக்கும் இயல்பாகக் கொண்டுவந்து, பின் கண்ணைத் திறங்கள். குழலின் மேல்பட்டை நேராகத் தெரிய வேண்டும். பட்டையில் இரண்டு குறிமணிகள் இருந்தால், முன்மணி நடுமணியின் மேல் அமர்ந்து 8 என்ற எண்ணைப்போலத் தோன்ற வேண்டும். பட்டை தெரியாமல், குழலுக்குப் பின்னால் உள்ள பூட்டின் பின்பகுதிதான் தெரிகிறது என்றால் கன்னம் படியும் விளிம்பு தாழ்வு. பட்டை நெடுஞ்சாலைபோல் விரிந்து தெரிந்தால் உயர்வு. பிடிக்கும் கையின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருப்பது சரியான நீளத்துக்கு அடையாளம். கன்ன விளிம்பில் 1 மில்லிமீட்டர் ஏற்றினால் தோட்டாவிலிருந்து பாயும் சிறு ஈயக் குண்டுகளான ரவைகள் 30 மீட்டரில் விழும் இடம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் உயரும். அதனால்தான் விளிம்பை ஏற்றி இறக்கும் வசதியுள்ள கட்டையை, அழகான மரத்தையும் பொறிப்பு வேலையையும்விட மேலாக மதிக்கச் சொல்கிறேன்.

இப்போது அந்த வேட்டைத் துப்பாக்கி. அதை வாங்க வேண்டாம். நடந்து திரிவதற்காகச் செய்யப்பட்ட இலேசான துப்பாக்கி, நாளொன்றுக்கு 50 அல்லது 100 முறை சுடுபவரின் தோளைச் சிதைத்துவிடும்; ஒரே தோட்டாவுக்கு, எடை குறைந்த துப்பாக்கி அதிகமாக உதைக்கும். டிராப் துப்பாக்கி பெரும்பாலும் 3.6 கிலோகிராமை ஒட்டிய எடையும், 76 முதல் 81 சென்டிமீட்டர் வரையுள்ள குழலும் கொண்டிருக்கும். அந்த முன்பாரம்தான் குழலைத் தடங்கலின்றிச் சுழலச் செய்கிறது. இன்னொரு வேறுபாடு வெளியே தெரியாது. டிராப் தட்டு எழும்பிக்கொண்டே போவது என்பதால், டிராப் துப்பாக்கி பார்க்கும் இடத்துக்குச் சற்று மேலே ரவைகளைச் செலுத்துமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால் தட்டைக் குழல்முனைக்கு மேலே மிதக்கவிட்டு, கண்ணிலிருந்து மறையவிடாமல் சுட முடியும். சம உயரத்தில் சுடும் துப்பாக்கியில் தட்டைக் குழலால் மறைத்தாக வேண்டும். மறைந்த தட்டைத் தேடித் தலை எழும்பும்.

12 போர் எனப்படும் குழல் விட்ட அளவில், ஒன்றன்மேல் ஒன்றாகக் குழல் அமைந்த இரட்டைக் குழல் துப்பாக்கியே தொடங்குபவருக்கு என் தேர்வு. அது திறந்திருப்பதையும் காலியாக இருப்பதையும் பத்தடி தள்ளி நிற்பவரும் காணலாம். அரைத்தானியங்கித் துப்பாக்கியில் உதை மென்மையாக இருக்கும் என்பது உண்மை. ஆயினும் வெற்று உறைகள் பக்கத்தில் நிற்பவர்மேல் தெறிக்கும், பராமரிப்பும் கூடுதல். எதுவானாலும், முதல் சில மாதங்கள் சுடுதளத்தின் துப்பாக்கிகளை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்துவிட்டு, உரிமம் பெறுதல், பூட்டி வைத்தல் தொடர்பாக நீங்கள் வாழும் நாட்டின் சட்டம் சொல்வதை முடித்துக்கொண்டு, அப்புறம் வாங்குங்கள்.

தோட்டா பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 24 கிராம் ரவை கொண்டதில் தொடங்குங்கள். கிடைக்காவிட்டால் வேகம் குறைந்த 28 கிராம். அதே வேகத்தில் 32 கிராம் தோட்டாவோடு ஒப்பிட்டால், 24 கிராம் தோட்டாவின் உதைப்பாற்றல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. ஒலிம்பிக்கில் அனுமதிக்கப்படும் உச்ச எடையே 24.5 கிராம்தான் என்பதால், இதை எளியவர்களின் தோட்டா என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். ரவையின் அளவு ஏழரை எண் அல்லது 8 எண் இருக்கட்டும். ஏழரை எண் ரவை ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் விட்டமுடையது, தொலைவில் பறக்கும் தட்டையும் உடைக்கும் வலு அதற்கு உண்டு. சோக் எனப்படும் குழல்வாய் இறுக்கத்தில், நடுத்தர இறுக்கமான மாடிஃபைடு போதும். ஃபுல் சோக் ரவைகளை நெருக்கமாகக் கொண்டுசெல்லும். தட்டைத் தூளாக்கும் காட்சிக்காக அதை விரும்புபவர்கள் உண்டு. ஆனால் பிழைக்கு அது இடம் தராது, கற்றுக்கொள்பவருக்கோ பிழைக்கு இடம் வேண்டும்.

“எவ்வளவு முன்னால்” என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சுட்டது, ஒரே எந்திரம் தாழ்ந்த கூண்டுக்குள் இருந்து தட்டை வீசும் முறை என்று நினைக்கிறேன். அமெரிக்க முறை என அறியப்படும் அதில் சுடுபவர் கூண்டுக்கு 16 கஜம், அதாவது 14.6 மீட்டர், பின்னால் நிற்கிறார். ஐந்து நிலைகளில் ஐந்தைந்து தட்டுகள். தட்டு உங்களிடமிருந்து ஏறக்குறைய 30 மீட்டரில் இருக்கும்போது சுடுகிறீர்கள். ரவைகள் அங்கே போய்ச் சேர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் தட்டு ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஆனால் அந்த நகர்வில் பெரும்பகுதி உங்களை விட்டு விலகிச் செல்வதே. பக்கவாட்டில் நகர்வது சிறிதுதான். மூன்றாம் நிலையிலிருந்து நேரே பறக்கும் தட்டில் பக்கவாட்டு நகர்வே இல்லை. ஐந்தாம் நிலையிலிருந்து வலக்கோடிக்குப் பறக்கும் தட்டில், என் கணக்குப்படி, அரை மீட்டர் அளவுக்கு வரும். இவ்வளவும் சொன்ன பிறகு, சுடும்போது இந்த எண்களை மறந்துவிடுங்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இடைவெளியை அளக்க முயல்பவரின் பார்வை தட்டிலிருந்து குறிமணிக்குத் திரும்பும். திரும்பிய கணத்தில் குழல் நிற்கும். நின்ற குழலின் ரவைகள் தட்டுக்குப் பின்னால் போகும். நீங்கள் குறிமணியைக் கவனமாகப் பொருத்தியதாக எழுதியிருப்பது எனக்குக் கவலை தந்தது இதனால்தான். பார்வை தட்டின் முன்விளிம்பில் ஊன்றியிருக்க, குழல் தட்டின் பின்னாலிருந்து வந்து, அதன் தடத்திலேயே அதைக் கடக்கட்டும். கடக்கும்போது விசையை இழுத்து, இழுத்த பிறகும் சுழற்சியை நிறுத்தாதீர்கள். அப்படிச் சுழலும் குழலே தேவையான முன்தொலைவின் பெரும்பகுதியைத் தந்துவிடும்.

ஒவ்வொரு தட்டுக்கும் செய்ய வேண்டியதை ஒரே ஒழுங்கில் செய்யப் பழகுவது மிக முக்கியம். கால்களை வைத்து, துப்பாக்கியை மூடி, முதலில் கன்னத்துக்கும் அதன் பிறகே தோளுக்கும் கொண்டுவாருங்கள். முகத்தைக் கட்டைக்குக் கொண்டுபோவதல்ல, கட்டையை முகத்துக்குக் கொண்டுவருவதே முறை. முதல் நிலையில் குழலைக் கூண்டின் இடமூலைக்குச் சற்று மேலேயும், மூன்றாம் நிலையில் நடுவிலும், ஐந்தாம் நிலையில் வலமூலைக்கு மேலேயும், இடைநிலைகளில் அவற்றுக்கு இடைப்பட்ட இடங்களிலும் நிறுத்துங்கள். பிறகு கண்களைக் குழலிலிருந்து விடுவித்து, கூண்டுக்கு அப்பால் உள்ள வெளியை, எந்த ஒன்றிலும் ஊன்றாமல் விரிவாகப் பாருங்கள். அதன் பிறகே தட்டை வீசுமாறு குரல் கொடுங்கள். தட்டு தெளிவாகத் தெரியும்வரை குழல் அசையக் கூடாது. வீசப்பட்ட ஒலிக்கே பாய்பவர்கள் எதிர்த்திசையில் பாய்ந்துவிட்டுத் திரும்பி வருவதை நாள்தோறும் பார்க்கிறேன். சுட்ட பிறகு, தட்டின் துண்டுகள் கீழே விழும்வரை கன்னம் கட்டையை விட்டு எழக் கூடாது. உடைந்ததா என்று பார்க்கும் ஆவலில் தலை தூக்கினால் ரவைகள் தட்டுக்கு மேலே போகும்; தொடங்குபவர்கள் விடும் தட்டுகளில் மிகப் பலவற்றுக்கு என் கண்முன் காரணமாக இருப்பது இது ஒன்றே.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காமலேயே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். உங்கள் நிலையில் நிற்கும்போது, உங்கள் முறை வரும்போது மட்டுமே தோட்டா இடுங்கள். மற்ற நேரமெல்லாம் துப்பாக்கி திறந்தும் காலியாகவும் இருக்க வேண்டும், சுடத் தயாராகும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். விசை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலைத் தட்டுத் திசையிலேயே வைத்து அரை நிமிடம் பொறுத்திருந்து திறங்கள். ஒலி வழக்கத்தைவிட மங்கலாகக் கேட்டால், இன்னொரு தோட்டா இடும் முன் குழலுக்குள் ஏதும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். விட்டம் குறைந்த 20 போர் தோட்டா ஒன்றைக்கூட 12 போர் தோட்டாக்கள் இருக்கும் பையில் போடாதீர்கள்: அது குழலுக்குள் வழுக்கிச் சென்று, தோட்டா இடும் அறைக்குச் சற்று அப்பால் சிக்கிக்கொள்ளும், அறை காலியாகத் தெரியும், அதன் பின்னால் 12 போர் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கையைப் பறித்துவிடும். 20 போர் உறைகளை மஞ்சள் நிறத்தில் செய்வது இந்த ஆபத்தை முன்னிட்டே. வெடியொலி, ஒரே முறையில் காதைக் கெடுக்கத் தொடங்கும் 140 டெசிபல் எல்லையை மிஞ்சுவது. காதடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் சேர்த்து அணியுங்கள். தட்டுத் துண்டுகள் திரும்பித் தெறிக்கும் என்பதால் கண்ணாடி கட்டாயம். ஈயம் கையோடு வரும். சோப்பிட்டுக் கழுவாமல் எதையும் உண்ணாதீர்கள்.

வயதைப் பற்றித் தயங்க வேண்டாம். இத்தாலியின் ஜொவானி பெல்லியெலோ 2016 ரியோ ஒலிம்பிக்கில் டிராப் வெள்ளி வென்றபோது அவருக்கு 46 வயது. ஆனால் ஒலிம்பிக் முறையில் இப்போதே கை வைக்காதீர்கள். அதில் அகழிக்குள் 15 எந்திரங்கள். தட்டு 45 பாகைவரை சாய்ந்து, 76 மீட்டர் தொலைவுக்குப் பாய்கிறது. ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா தருவது கருணையால் அல்ல. ஒற்றை எந்திர முறையில் 25-க்கு 18 என்பது உங்களுக்கு வழக்கமான பிறகு அங்கே செல்லலாம்.

அதுவரை வாரம் ஒரு நாள், இரண்டு சுற்றுகள், அதாவது 50 தட்டுகள் போதும். தோள் களைத்த பிறகு சுடும் ஒவ்வொரு தோட்டாவும் இமை மூடிக் குலுங்கும் பழக்கத்தையே வளர்க்கும். துப்பாக்கி உங்கள் கைக்கு வந்த பிறகு, வீட்டில் நாள்தோறும் பத்து நிமிடம், தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, கண்ணாடி முன் கன்னத்துக்குக் கொண்டுவரும் பயிற்சியையும், சுவரும் கூரையும் சேரும் கோட்டில் குழலை ஒரே வேகத்தில் ஓட்டும் பயிற்சியையும் செய்யுங்கள். அடுத்த முறை சுடுதளத்துக்குப் போகும்போது, முதல் தட்டுக்கு முன், பயிற்றுநரிடம் சொல்லிப் பெரிய தாள் ஒட்டிய பலகை ஒன்றின்மீது 30 மீட்டரிலிருந்து மூன்று தோட்டா சுட்டுப் பாருங்கள். ரவைக் கூட்டத்தின் நடு, நீங்கள் பார்த்த புள்ளிக்கு இடப்பக்கம் விழுந்திருந்தால் கண்ணைப் பற்றிய என் ஐயம் வலுப்பெறும். நேர் மேலே சற்று உயர்ந்து விழுந்திருந்தால் கால்களைத் திருத்தும் வேலையில் அன்றே இறங்கிவிடலாம். எது நடந்தது என்பதைத் தாளின் அளவுகளோடு எழுதுங்கள். கட்டையின் நீளம் பற்றி அப்போது இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.